அஃப்ராவின் கார்டில் பெட்ரோல்

ஆலங்காயம் பேருந்து நிலையத்துக்கு எதிரே செருப்புக் கடை வைத்திருக்கும் ஃபரூக் பாயைப் பற்றி யாராவது எழுதினால் அது நானாகத்தான் இருக்க முடியும். வேறு யாருக்கும் அவரோடு இவ்வளவு காலம் பொறுமையாக இருக்க முடிந்ததில்லை. அவர் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் ஒப்புக்குக் கட்டிய சுவர். அவர் பேரம் பேசுவது, தும்முவது, கல்லாப் பெட்டியை இழுத்துச் சாத்துவது எல்லாம் எனக்குக் கேட்கும். என் பெயர் குணசீலன். இந்தக் கதையில் எனக்கு வேலை குறைவுதான். பாயின் போனுக்கு ஆங்கிலத்தில் வரும் செய்திகளைப் படித்துச் சொல்வது.

பாய் பிறந்தது வாணியம்பாடியில். அவருடைய அப்பா காலித், டேனரியில் தோல் அலசும் வேலை பார்த்தவர். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நல்ல மனிதரின் ஜிப்பாப் பையில் யார் வேண்டுமானாலும் கை விடலாம். தங்கச்சி வீட்டுக்காரர், பழைய சிநேகிதர், மசூதி வாசலில் முகம் மட்டும் தெரிந்தவர். சனிக்கிழமை வாங்கிய கூலி வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகும்போது இருக்காது. எங்கே போச்சு என்று கேட்டால் மேலே கையைக் காட்டுவார். “அல்லா குடுத்தான், அல்லா வாங்கிக்கினான்” என்பார். வாங்கிக்கொண்டது அல்லா இல்லை, மச்சான் என்று ஃபரூக்குக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அந்த வயதிலேயே அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பணம் போகலாம், அதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் போன இடம் தெரிய வேண்டும்.

மீசை முளைக்கிற வயதில் மூட்டை கட்டிக்கொண்டு மலைக்குப் போக ஆரம்பித்தார். காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸின் கூரைமேல் செருப்பு மூட்டை, உள்ளே படிக்கட்டில் இவர். சந்தையில் தார்ப்பாய் விரித்து உட்காருவார். மலையில் நடந்தே பழகிய கால்கள் அகலம். கீழே விற்கிற செருப்பு அந்தக் கால்களுக்குள் போகாது. பாய் வாணியம்பாடியில் சொல்லிவைத்து அகல அளவில் தைத்து வாங்கிக்கொண்டு போனார். சாமை விற்ற காசு, புளி விற்ற காசு, தேன் விற்ற காசு எல்லாம் அவர் தார்ப்பாயைக் கொஞ்சம் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. இன்றைக்கும் சந்தைக்குப் போனால் அப்படித்தான். பாதிப் பணம் கொடுத்தவருக்கு ஒற்றைச் செருப்பைக் கொடுத்துவிடுவார். இன்னொன்றைத் தன் பையில் போட்டுக்கொள்வார். அடுத்த சந்தையில் மீதியைக் கொடுத்தால் மற்றதும் கிடைக்கும். ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு மலைக்காரர் என்ன செய்வார், ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு இவர்தான் என்ன செய்வார்? இரண்டு பேரும் கட்டாயம் திரும்பி வந்தாக வேண்டும். “ஏன் பாய், ஆளை நம்ப மாட்டீங்களா?” என்று ஒரு தடவை கேட்டேன். “நம்பாமயா ஒண்ண குடுக்கறேன்?” என்றார். பாயின் நம்பிக்கை எப்போதும் பாதி ஜோடிதான். மலைக்காரர்கள் சிரித்துக்கொண்டே ஒற்றைச் செருப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள்.

அப்படிச் சேர்த்து ஆலங்காயத்தில் கடை பிடித்தார். சகிலாவைக் கல்யாணம் செய்தார். மூத்தவள் அஃப்ரா, இளையவன் ஃபுர்கான். வீட்டுக்குள் உருது, வெளியே வந்தால் தமிழ் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அஃப்ரா படிப்பில் கெட்டி. ஐந்தாவதிலேயே அப்பாவின் போனில் பேலன்ஸ் பார்த்துச் சொல்லுவாள். உயர்நிலைக்கு வாணியம்பாடியில் பெண்கள் பள்ளியில் சேர்த்தார். தினமும் பஸ். பத்தாவது முடித்து, காமர்ஸ் எடுத்து, ஆடிட்டர் ஆபீஸில் வேலைக்குப் போகப் போவதாக என் கடையில் ஜெராக்ஸ் எடுக்கும்போது சொல்லுவாள். கணக்குப் பார்க்கிற வேலையில் அப்படி என்னம்மா இருக்கிறது என்றால், “அங்க அடுத்தவங்க கணக்கத்தான பாக்கணும், ஜாலிதான அங்கிள்” என்பாள். அப்பாவைப் பற்றிச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். சிரித்துக்கொள்வேன்.

போன வருஷம் பள்ளி திறக்கிற சமயத்தில் பேருந்து நிலையத்தில் ஒரு கம்பெனிக்காரர்கள் குடை போட்டு உட்கார்ந்தார்கள். பனியனில் கம்பெனி பெயர் போட்ட ஒரு பையன், மைக்கில் கத்திக்கொண்டிருந்தான். குழந்தைகளுக்குப் பணத்தைக் கையாளச் சின்ன வயதிலேயே கற்றுக்கொடுங்கள், அவர்கள் பெயர் போட்ட கார்டு, நீங்கள் போனிலிருந்து பணம் ஏற்றினால் போதும், அவர்கள் எங்கே தேய்த்தாலும் அடுத்த நொடி உங்களுக்குச் செய்தி வரும். ஊரில் எல்லோரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பாய் மட்டும் அவன் எதிரில் போய் நின்றார். கடைசி வாக்கியத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

“எங்க செலவு பண்ணாலும் தெரியுமா?”

“கடை பேரோட வரும் பாய்.”

“ஏ.டி.எம்.ல எடுத்துட்டா?”

“இதுல காசா எடுக்க முடியாது. கடைல மட்டும்தான்.”

பாயின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. காலித் பாயின் ஜிப்பாப் பைக்கு இத்தனை வருஷம் கழித்து ஒருவன் மூடி கண்டுபிடித்துக் கொண்டுவந்திருக்கிறான் என்பது மாதிரி இருந்தது. அங்கேயே இரண்டு கார்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். பிள்ளைகளுக்குப் போன் கிடையாது, கார்டு மட்டும்தான். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி இரண்டிலும் பணம் ஏற்றுவார். பேனா, நோட்டு, தின்பண்டம், தலைக்கு கிளிப், எல்லாம் அதிலிருந்துதான். பிள்ளைகள் கையில் இனிமேல் காசு கொடுக்கக் கூடாது என்று சகிலாவுக்கும் உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்ட பிறகு இரண்டு பேரையும் எதிரில் உட்காரவைத்துக் கணக்குக் கேட்பார். நான் சாப்பிடப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபுர்கான் சிப்ஸுக்கு ஜவாப் சொல்லிக்கொண்டிருந்தான். அஃப்ராவிடம் ஒரு பத்து ரூபாய்ப் பேனாவைப் பற்றி இவர் கேட்ட கேள்விகளைப் பார்த்தால் அவள் அந்தப் பேனாவை எங்கிருந்தோ கடத்திக்கொண்டு வந்தாள் என்று நினைக்கத் தோன்றும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். நான் சொன்னேன். “மிஞ்ச வேணாம், தெரிஞ்சா போதும்” என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு அதில் நல்லதும் நடந்தது. ஃபுர்கான் பாதிப் பணத்தை மிச்சம் பிடித்துக் கிரிக்கெட் மட்டை வாங்கினான். மாதம் முடிவதற்குள் தீர்த்துவிட்டுக் கையைப் பிசைகிற என் வீட்டுப் பிள்ளைகளைவிட அவர்கள் சூட்டிகை. கார்டில் ஒரு தப்பும் இல்லை. செய்தி வருகிற போன் யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

செய்தி வந்தால் பாய் சுவரைத் தட்டுவார். நான் எழுந்து போய்ப் படித்துச் சொல்ல வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் தட்டினார். கடையில் மலையிலிருந்து வந்த ஒரு குடும்பம் செருப்புப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. “அஃப்ரா. மெடிக்கல் ஷாப். தொண்ணூறு ரூபாய்” என்று படித்தேன்.

பாய் பதறிப்போனார். “மெடிக்கலா? இன்னா ஆச்சு புள்ளைக்கு? காலைல நல்லாத்தான போச்சு?” என்று அந்த மருந்துக் கடைக்குப் போன் போட்டார். பாய் போன் பேசினால் ஸ்பீக்கரில்தான் பேசுவார். காதில் வைத்தால் காது சுடுகிறதாம்.

“ஒண்ணும் இல்ல பாய், லேடீஸ் ஐட்டம்தான். இப்பத்தான் வாங்கிட்டுப் போவுது. மாசா மாசம் பொண்ணுங்க வாங்கறதுதான்” என்றது போன். தெருவுக்கே கேட்டது.

எதிர்ச்சாரியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, மருந்துக் கடைக்குப் போய்விட்டு, கறுப்பு கேரி பையோடு சாலையைக் கடந்து வந்த அஃப்ரா கடைப் படியில் ஒரு காலை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள். செருப்புப் போட்டுக்கொண்டிருந்த மலைக்காரப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் புருஷன் கூரையில் தொங்கிய செருப்புகளை எண்ணுகிறவன்போல மேலே பார்த்தான். நான் என் கடைக்கு ஓடிவந்துவிட்டேன். பாய் மட்டும், “ஓ, அதுவா. நான் காய்ச்சலோன்னு பயந்துட்டேன்” என்று நிம்மதியாகப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஜோடியை எடுத்தார். அவரைப் பொறுத்தவரை பயந்த விஷயம் இல்லை என்றாகிவிட்டது, கணக்கும் நேராகிவிட்டது. அஃப்ரா படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் முகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கூசுகிறது.

அதற்குப் பிறகு மருந்துக் கடைச் செய்தி வரவே இல்லை. வராத செய்தியை யார் கவனிக்கப் போகிறார்கள்? பாயும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

வந்தது வேறு. அடுத்த மாதம் சுவர் தட்டப்பட்டு, நான் போய்ப் படித்தேன்.

“பெட்ரோல் பங்க். நூறு ரூபாய்.”

“ஃபுர்கான் சைக்கிளுக்குப் பெட்ரோல் போட்டானா?” என்று பாய் சிரித்தார்.

“ஃபுர்கான் இல்ல பாய். அஃப்ரா.”

சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். மெஷின் தப்பாக அனுப்பியிருக்கும் என்றார். இருக்கும் என்றேன். அடுத்த மாதமும் மெஷின் அதே தப்பைச் செய்தது. வாணியம்பாடியில் அதே பங்க், அதே நூறு ரூபாய். பள்ளிக்கூட ஸ்டாப்புக்கு எதிரே இருக்கிற பங்க் அது. அதற்கு அடுத்த மாதம் சுவரைத் தட்டவில்லை. அவரே போனைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்தாவது படிக்கிற பெண். வண்டி கிடையாது. பெட்ரோல் வாங்குகிறாள். நம் ஊரில் இதைக் கூட்டிப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே விடைதான் வரும். பைக் வைத்திருக்கிற எவனோ ஒருவன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் வந்தது. இதில் மதம் ஒன்றும் இல்லை. என் தெருவிலேயே இதைவிடச் சின்னச் சந்தேகத்துக்காகப் படிப்பை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் இருக்கிறார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால் பாய் அதைப் பற்றி வீட்டில் வாயே திறக்கவில்லை. சகிலா பிற்பாடு சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எல்லாவற்றையும் கேட்டாராம். ரப்பர் பேண்டு, லேபிள், கடலை மிட்டாய். பெட்ரோல் வந்த இடத்தில் மட்டும் அடுத்ததுக்குத் தாவிவிடுவாராம். ஒரு நாள் கடையை என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வாணியம்பாடிக்குப் போய்ப் பள்ளி விடுகிற நேரத்தில் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். பெட்ரோல் பங்கில் பைக் இல்லாமல் என்ன இருக்கும்? நாலைந்து பையன்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் அஃப்ரா நின்றிருந்தாள். பாய்க்கு அது போதும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

மறுநாளிலிருந்து அஃப்ரா பள்ளிக்கூடம் போகவில்லை. “பஸ்ல கூட்டம், ஒழுங்கில்ல. வூட்லயே இருந்து படிக்கட்டும்” என்று மட்டும் சொன்னாராம். அரைப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் வரவில்லை என்றால் பொதுத் தேர்வில் உட்கார முடியுமோ என்னவோ என்று பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் போன் செய்தார். பாய் எடுத்தார். உடம்பு சரியில்லை என்றார். பாய் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சகிலா என் கடைக்கு வந்தாள். கடைத்தெருவுக்கு வருகிற பழக்கம் அவளுக்கு இல்லை. பாய் தொழுகைக்குப் போன நேரமாகப் பார்த்து வந்திருந்தாள்.

“அண்ணா, இவருக்கு இன்னா ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? வாயத் தொறக்க மாட்றாரு. புள்ள சோறு துன்றதில்ல. பரீட்சைக்காவது அனுப்புங்கன்னா மூஞ்சத் திருப்பிக்கிறாரு.”

“அஃப்ரா இன்னா சொல்லுது?”

“அது இன்னா சொல்லும்? நான் இன்னா தப்பு பண்ணேன்னு என்னயே கேக்குது. நான் இன்னான்னு சொல்லட்டும்?”

பெட்ரோல் விஷயத்தை இவளிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. புருஷன் மறைத்ததைப் பக்கத்துக் கடைக்காரன் சொல்வது முறையில்லை. “நான் பேசறேன்மா, நீ போ” என்றேன். எனக்கு வந்த கோபம் பாய்மேல்தான். ஒரு குழந்தை, என்ன குற்றம் என்றே தெரியாமல் தண்டனை அனுபவிக்கிறது.

பாய் திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“பாய், புள்ளைய கேட்டீங்களா?”

“இன்னான்னு கேக்கறது?”

“பெட்ரோல் எதுக்குன்னு.”

“உன் வேலையப் பாரு குணா.”

“பேனாவுக்கு அவ்ளோ கேள்வி கேட்டீங்க. இதுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டா இன்னா கொறஞ்சிடும்?”

அவர் ஒரு டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த செருப்பைப் பார்த்துவிட்டு, மறுபடி மூடினார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. வாருங்கள், அந்தப் பங்கிலேயே போய் விசாரித்துவிடலாம் என்றேன். செத்தாலும் வரமாட்டேன் என்றார். என் மானத்தை நானே ஊரில் விற்கவா என்று கேட்டார். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற மனுஷர் அன்றைக்குக் கெஞ்சுகிற குரலில் பேசினார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

ஆனால் அந்த வாரமே சரக்கு எடுக்க அவர் வாணியம்பாடி போக வேண்டியிருந்தது. எனக்கும் ஜெராக்ஸ் பேப்பர் வாங்க வேண்டும். என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். திரும்பும்போது நான் அவரைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வண்டியை நேராக அந்தப் பங்குக்குள் விட்டுவிட்டேன். “ரிசர்வ்ல வந்துடுச்சி பாய்” என்றேன். முள் பாதிக்கு மேலே நின்றது. பாய் அதை எட்டிப் பார்க்கவில்லை. முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டு இறங்கி நின்றார்.

பெட்ரோல் போட வந்தவள் காக்கிச் சட்டைக்குள் புடவையை மடித்துக் கட்டியிருந்த ஒரு பெண். பாயைப் பார்த்ததும் குழாயைக் கையில் பிடித்தபடியே சிரித்தாள்.

“பாய்! நான் அம்மாக்கண்ணு. காவலூர்க்காரி. ஒத்தச் செருப்ப எடுத்துனு போயி எங்கம்மாகிட்ட அடி வாங்குனனே, ஞாபகம் இல்லியா?”

பாய்க்கு ஞாபகம் வந்தது. முகத்தைத் திருப்ப முடியவில்லை. இங்கே எப்போது வந்தாய் என்று ஏதோ கேட்டுவைத்தார். அவள் அதற்குப் பதில் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“ஏன் பாய், உம் பொண்ண ரொம்ப நாளா காணோமே? ஒடம்புக்கு ஆவலயா? தினமும் பஸ்ஸு வர்ற வரைக்கும் இங்கதான் நிக்கும். பொட்டப் புள்ளைங்கள்லாம் இங்க இருக்கற பாத்ரூமுக்குத்தான் வருங்க.”

“எம் பொண்ண உனக்கு எப்டித் தெரியும்?” பாய் ஓரடி முன்னால் வந்தார்.

“தெரியாம இன்னா? உம் பொண்ணுன்னு அதுவே சொல்லுச்சி. மாசத்துக்கு ஒருக்கா கார்டு குடுக்கும். எவனாச்சும் நூறு ரூவாய்க்கு பெட்ரோல் போட்டான்னா அவன் துட்ட அதுகிட்ட குடுத்துட்டு, மெஷின்ல அது கார்ட நான் தேச்சிக்குவேன். பங்க்குக் கணக்கு சரியாப் பூடும். அது கைக்குத் துட்டு வந்துடும்.”

நான் குனிந்து பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

“துட்டு எதுக்கு அதுக்கு?” என்று பாய் கேட்டார்.

அம்மாக்கண்ணு இவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

“பொம்பளப் புள்ளைக்கு மாசத்துக்கு ஒருக்கா எதுக்குத் துட்டுன்னு பொண்ணப் பெத்தவரு கேக்கறீங்க. கார்டுல வாங்குனா அவங்க அப்பா போனு கடத்தெரு முச்சூடும் கத்துமாமே? அழுதுச்சி பாய் அது. இந்த எடத்துல நின்னுக்குனுதான் அழுதுச்சி. நான்தான் இந்த வழி சொல்லிக் குடுத்தேன். தப்புன்னா என்னத் திட்டு, அதத் திட்டாத.”

பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. அம்மாக்கண்ணு அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். பாய் சரக்கு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்.   ஆலங்காயம் வரும்வரை மூட்டை சரிந்து என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. அவர் அதை நிமிர்த்தவில்லை.

கடைக்கு வந்ததும் போனை என்னிடம் நீட்டி, “இத எடுத்துடு. எனக்கு வேணாம்” என்றார். கார்டுச் செய்தி வருகிற ஆப்பைச் சொன்னார். நான் அழிக்கப் போனேன். விரலை வைப்பதற்குள், “இரு இரு. அஃப்ராவோடத மட்டும் எடு. ஃபுர்கான் இருக்கட்டும்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிலையிலும் மனுஷருக்குச் சிப்ஸ் கணக்கை விட மனம் இல்லை.

அன்றைக்குச் சகிலாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பெட்ரோல், தான் ஒளிந்து நின்று பார்த்தது, எதற்காகப் பள்ளியை நிறுத்தினார் என்பது, எதையும் விடவில்லை. சகிலா அவரைத் திட்டவில்லையாம். எழுந்து போய் அஃப்ராவிடம் சொல்லிவிட்டு, அவளுடைய யூனிஃபார்மை இஸ்திரி போட்டாளாம்.

மறுநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அஃப்ரா புத்தகப் பையோடு வந்தாள். பஸ் இன்னும் வரவில்லை. எப்போதும் எதிர்ச்சாரியில்தான் நிற்பாள். அன்று நேராக அப்பா கடைக்கு வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். பாய் கம்பி வைத்துச் செருப்பு ஜோடிகளை மேலே மாட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கம்பியைக் கீழே இறக்கினார். சட்டைப் பையிலிருந்து ரூபாய் நோட்டுகளை எடுத்து, எண்ணாமல் அவளிடம் நீட்டினார். பாய் எண்ணாமல் பணம் கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

அஃப்ரா அதை வாங்கவில்லை.

“பத்து ரூபா பேனாவுக்குக்கூட எதுக்கு, எங்க, ஏன்னு கேட்டீங்களே அப்பா. பெட்ரோல மட்டும் ஏன் கேக்கல?”

சத்தமாகக் கேட்கவில்லை. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும்போல இருந்தது. பாய் கையில் இருந்த நோட்டுகளைப் பார்த்தார். மடித்தார், பிரித்தார்.

“கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்திச்சிம்மா” என்றார்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.  இத்தனை நாள் அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பஸ் வந்து நின்று ஆட்களை ஏற்ற ஆரம்பித்தது. அஃப்ரா பையைத் தோளில் சரிசெய்துகொண்டு இரண்டடி போய்விட்டுத் திரும்பினாள்.

“நான் இல்லன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன். அந்த நேரத்தில் எந்தத் தகப்பனும் அதைத்தான் சொல்வான். 

“தெரியலம்மா” என்றார் பாய்.

அவள் தலையை ஆட்டினாள். பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.